கருக்குழாய்ச் சோதனைகள்: எதை, எவ்வளவு நம்பலாம்?

‘இரு கருக்குழாய்களும் அடைபட்டுள்ளன.’ எக்ஸ்-கதிர்ப் படத்துடன் வரும் அறிக்கையில் இந்த மூன்று சொற்கள் இருந்தால் போதும், ஒரு குடும்பத்தின் போக்கே மாறிவிடுகிறது. குழந்தை இல்லாமைக்குக் காரணம் யார் என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதாக வீட்டார் எண்ணிவிடுகிறார்கள். கணவனுக்கு ஒரு சோதனையும் செய்யாமலே பழி மனைவியின் மீது விழுகிறது. நகையை அடகு வைத்துச் சோதனைக்குழாய் முறைக்குப் போவதா, அறுவை செய்துகொள்வதா, தலையெழுத்து என்று இருந்துவிடுவதா என்ற பேச்சு தொடங்குகிறது.

அந்த மூன்று சொற்களைச் சொன்னது எது? ஒரு சோதனை. அச்சோதனை எதைப் பார்த்தது, எதைப் பார்க்கவில்லை, எத்தனை முறை தவறக்கூடும் என்று கேட்பவர்கள் மிகச் சிலரே. அறிவியலில் ஆர்வம் கொண்ட நீங்கள் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்கலாகாது. ஒரு நூலைத் திறனாய்வு செய்வதைப்போல் ஒரு சோதனையையும் திறனாய்வு செய்யலாம். கருக்குழாய் அடைப்பைக் கண்டறியக் கடந்த நூறு ஆண்டுகளில் வந்த சோதனைகளை ஒவ்வொன்றாக எடுத்து, அவற்றின் நிறை குறைகளை எடைபோட்டுப் பார்ப்போம்.

குழாயின் வேலை என்ன?

கருப்பையின் இரு மேல் மூலைகளிலிருந்தும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குழாய்கள் புறப்படுகின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10 முதல் 12 செ.மீ. நீளம் உடையது. இத்தாலிய உடற்கூற்றறிஞர் ஃபாலோப்பியோ 1561-இல் வெளியிட்ட நூலில் இவற்றை விளக்கினார். அதனால் இன்றும் இவை அவர் பெயரால் ஃபாலோப்பியன் குழாய்கள் என அழைக்கப்படுகின்றன. தமிழில் கருக்குழாய்கள் என்கிறோம்.

கருப்பைச் சுவருக்குள் நுழையும் இடத்தில் இக்குழாயின் உட்துளை ஒரு மில்லிமீட்டர்கூட இராது. வெளிப்பக்கம் செல்லச் செல்ல அது அகன்று, முனையில் விரல்கள் போன்ற இழைகளாக விரிகிறது. சினைப்பையிலிருந்து வெளிப்படும் சினைமுட்டையை இவ்விரல்களே பற்றி உள்ளே இழுக்கின்றன. குழாயின் அகன்ற பகுதியில்தான் விந்தணு முட்டையைச் சந்திக்கிறது. கருவுற்ற முட்டை அங்கிருந்து, குழாயின் உட்சுவரில் உள்ள நுண்மயிர்களின் அசைவாலும் தசையின் சுருக்கத்தாலும் மூன்று நான்கு நாட்களில் கருப்பைக்கு வந்து சேர்கிறது. அந்த நாட்களில் அதற்கு உணவூட்டிக் காப்பதும் குழாயே.

ஆகவே இது வெறும் தண்ணீர்க் குழாய் அன்று. முட்டையைப் பற்றும் கை, அதைச் சுமக்கும் ஊர்தி, சில நாட்கள் வளர்க்கும் தொட்டில் ஆகிய மூன்று பணிகளையும் அது செய்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் காணப்போகும் சோதனைகளில் பெரும்பாலானவை ‘வழி திறந்திருக்கிறதா?’ என்ற ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன. பற்றவும் சுமக்கவும் வளர்க்கவும் குழாயால் முடியுமா என்று எந்தச் சோதனையும் முழுமையாகச் சொல்வதில்லை. இதுவே இச்சோதனைகள் அனைத்துக்கும் பொதுவான முதற்குறை.

ரூபினின் வாயுச் சோதனை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், குழாய் திறந்திருக்கிறதா என்று அறிய வயிற்றைக் கீறித் திறப்பதைத் தவிர நம்பகமான வழி இல்லை. நியூயார்க் நகர மருத்துவர் ஐசிடோர் ரூபின் 1919-இல் ஒரு புதிய வழியைக் கையாண்டு, 1920-இல் அதை வெளியிட்டார். கருப்பை வாய் வழியாக வாயுவை மெல்லச் செலுத்துவது, அதன் அழுத்தத்தை மானியில் கவனிப்பது, இவ்வளவுதான் முறை. குழாய் திறந்திருந்தால் வாயு வயிற்றறைக்குள் வெளியேறும், மானியில் அழுத்தம் இறங்கும். மூடியிருந்தால் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும்.

இதில் ஒரு வேடிக்கையான சான்றும் உண்டு. வயிற்றறைக்குள் சென்ற வாயு, பெண் எழுந்து உட்கார்ந்ததும் மேலேறி உதரவிதானத்தின் அடியில் தங்கும். உதரவிதானத்துக்குச் செல்லும் நரம்பும் தோளின் உணர்வு நரம்புகளும் கழுத்துப் பகுதியில் ஒரே இடத்திலிருந்து புறப்படுவதால், அவளுக்குத் தோளில் வலி தோன்றும். கருக்குழாய் திறந்திருப்பதைத் தோள்வலி அறிவித்தது! முதலில் ஆக்சிஜனைப் பயன்படுத்திய ரூபின், பின்னர் உடலில் விரைவாகக் கரைந்து மறையும் கார்பன் டை ஆக்சைடுக்கு மாறினார்.

எளிமை, மலிவு, கதிர்வீச்சு இல்லாமை ஆகியவை இச்சோதனையின் நிறைகள். அறுவையின்றி விடை காண முடியும் என்று காட்டியதே பெருஞ்சாதனை. ஆனால் இரு குழாய்களில் ஒன்று மட்டும் திறந்திருந்தாலும் அழுத்தம் இறங்கிவிடும். எது திறந்தது, எது மூடியது என்று தெரியாது. மூடியிருந்தால் எந்த இடத்தில் என்றும் தெரியாது. வலியால் குழாய்த் தசை சுருங்கினாலும் மானி ‘அடைப்பு’ என்றே காட்டும். பல பத்தாண்டுகள் உலகெங்கும் செய்யப்பட்ட இச்சோதனை இன்று வழக்கொழிந்துவிட்டது. கேள்வி சரியானதுதான், விடைதான் மங்கலாக இருந்தது.

மற்றொரு நுட்பமான முறையும் வந்தது. ஃபீனால் சிவப்பு என்ற சாயத்தைக் கருப்பைக்குள் செலுத்திவிட்டுச் சிறுநீரைச் சோதிப்பார்கள். குழாய் வழியே வயிற்றறைக்குச் சென்ற சாயம் இரத்தத்தில் உறிஞ்சப்பட்டுச் சிறுநீரில் வரும்; அதில் காரத்தைச் சேர்த்தால் இளஞ்சிவப்பாகும். வேதியியல் மாணவர்கள் ரசிக்கத்தக்க முறை இது. ஆனால் கருப்பையின் உட்சுவரே சாயத்தைச் சிறிது உறிஞ்சிவிட்டால்? மூடிய குழாயும் திறந்ததாகத் தோன்றும். கருத்து அழகாக இருப்பதாலேயே சோதனை நம்பத்தக்கதாகிவிடாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

எக்ஸ்-கதிர்ப் படம்

கண்ணால் காண வேண்டும் என்ற விருப்பத்திலிருந்து பிறந்தது எக்ஸ்-கதிர் முறை. எக்ஸ்-கதிரை மறைக்கும் திரவத்தைக் கருப்பைக்குள் செலுத்திப் படம் எடுக்கும் முயற்சிகள் 1910-களிலேயே நடந்தன. அப்போது பயன்பட்ட பொருள்கள் உடலை உறுத்தின. அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸ் நகர மருத்துவர் கார்லோஸ் ஹ்யூசர் 1925-இல் அயோடின் ஏற்றிய லிப்பியோடால் என்ற எண்ணெயைப் பயன்படுத்திய பிறகு இம்முறை நிலைபெற்றது. இன்று மருத்துவமனைகளில் எச்.எஸ்.ஜி. என்று சுருக்கமாகச் சொல்லப்படுவது இதுவே.

மாதவிலக்கு முடிந்த பிறகு, முட்டை வெளிவருவதற்கு முன் உள்ள சில நாட்களில் இச்சோதனையைச் செய்வார்கள். அப்போது கருத்தரித்திருக்க வாய்ப்பில்லை என்பதே காரணம். திரவம் கருப்பையை நிரப்பிக் குழாய்களில் நூல்போல் ஓடி, முனையில் புகைபோல் சிந்துவதைத் திரையில் காணலாம். வலமா இடமா, கருப்பையின் மூலையிலா விரல் முனையிலா என்று அடைப்பின் இடத்தையும் சொல்லலாம். கருப்பையின் உள்வடிவமும் உடன் தெரியும். மயக்க மருந்து வேண்டியதில்லை; சில நிமிடங்களில் முடியும்; மாவட்டத் தலைநகரங்களிலும் கிடைக்கும். இவை பெரிய நிறைகள்.

குறைகளைப் பார்ப்போம். முதலாவது வலி. ‘கொஞ்சம் இழுத்துப் பிடிப்பதுபோல் இருக்கும்’ என்று சொல்லி மேசையில் படுக்க வைக்கிறார்கள். பலருக்கு அவ்வளவுதான், சிலருக்கோ தாங்க முடியாத வலி. இதை முன்கூட்டியே உள்ளபடி சொல்லி, வலிநிவாரணி கொடுப்பது மருத்துவ மரியாதை மட்டுமன்று, சோதனையின் நேர்மைக்கும் தேவை. எப்படி என்று கேட்கிறீர்களா? வலியும் அழுத்தமும் கருப்பையின் மூலையிலுள்ள தசையை இறுகச் செய்யலாம். அப்போது ஊசித் துளையளவே உள்ள வழி தற்காலிகமாக மூடிக்கொள்ளும், படமோ ‘அடைப்பு’ என்று காட்டும். சிறு சளிக்கட்டி ஒன்று துளையில் தங்கினாலும் இதே கதைதான். இத்தகையவர்களில் கணிசமானோருக்கு வேறொரு நாள் மறுபடி சோதித்தால் குழாய் திறந்திருப்பதைக் காண்கிறார்கள்.

இரண்டாவது குறை, குழாய்க்கு வெளியே உள்ளதைப் படம் காட்டாமை. குழாய் திறந்திருந்தும், பழைய நோயால் அது சினைப்பையிலிருந்து விலகி ஒட்டிக்கொண்டிருந்தால் முட்டையைப் பற்ற இயலாது. இந்த ஒட்டுத் திசுக்களைக் காட்டுவதில் எச்.எஸ்.ஜி. வலுவற்றது. மூன்றாவது, வீங்கிய குழாயினுள் தேங்கிய திரவமே வெளியே சிந்தியதுபோல் சில நேரம் ஏமாற்றுவதுண்டு. நான்காவது, நூற்றில் ஒருவர் முதல் மூவர் வரை சோதனைக்குப் பின் தொற்றுக்கு ஆளாகலாம். குழாய் வீங்கியிருப்பது தெரிந்தால் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுப்பது இதனால்தான். கதிர்வீச்சின் அளவு சிறிது. அதற்காக அஞ்ச வேண்டியதில்லை.

ஒரு கணக்குப் போடுவோம்

எச்.எஸ்.ஜி. எத்தனை முறை தவறுகிறது? பல ஆய்வுகளைத் தொகுத்து 1995-இல் வெளியான ஒரு மதிப்பீடு இரண்டு எண்களைத் தந்தது. உண்மையில் அடைப்புள்ளவர்களில் நூற்றுக்கு 65 பேரை எச்.எஸ்.ஜி. சரியாகக் கண்டுபிடித்தது. அடைப்பு இல்லாதவர்களில் நூற்றுக்கு 83 பேரைச் சரியாக ‘இல்லை’ என்றது.

இந்த எண்களின் பொருளை அறிய பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். 1000 பெண்கள் சோதனைக்கு வருவதாக வைப்போம். அவர்களில் 200 பேருக்கு உண்மையில் அடைப்பு இருப்பதாகக் கணக்கின் வசதிக்காகக் கொள்வோம். அந்த 200 பேரில் 130 பேருக்கு ‘அடைப்பு’ என்ற அறிக்கை வரும். 70 பேர் தப்பிவிடுவர். அடைப்பில்லாத 800 பேரில் 664 பேருக்கு ‘திறந்துள்ளது’ என்று வரும். எஞ்சிய 136 பேருக்குத் தவறாக ‘அடைப்பு’ என்று வரும்.

இப்போது கூட்டிப் பாருங்கள். ‘அடைப்பு’ என்ற அறிக்கை பெற்றவர் மொத்தம் 266 பேர். அவர்களில் உண்மையாக அடைப்புள்ளவர் 130 பேர். அதாவது பாதிகூட இல்லை! மறுபுறம், ‘திறந்துள்ளது’ என்ற அறிக்கை பெற்ற 734 பேரில் 664 பேருக்கு அது உண்மை, நூற்றுக்குத் தொண்ணூறு.

ஒரே சோதனையின் இரண்டு விடைகளுக்கும் ஒரே எடை இல்லை என்பதைக் கவனித்தீர்களா? ‘திறந்துள்ளது’ என்று எச்.எஸ்.ஜி. சொன்னால் பெரும்பாலும் நம்பலாம். ‘அடைப்பு’ என்று சொன்னால், அது தீர்ப்பு அன்று. மேலும் விசாரிக்க வேண்டும் என்ற குறிப்பு. இக்கட்டுரையிலிருந்து ஒன்றை மட்டும் நீங்கள் நினைவில் கொள்வதானால், இதையே கொள்ளுங்கள்.

கணக்கை இன்னொரு முறை போடலாம். இம்முறை வரும் 1000 பேரும் முன்பு இடுப்புக்குழி உறுப்புகளில் தொற்று ஏற்பட்டவர்கள். அவர்களில் பாதிப்பேருக்கு அடைப்பு இருப்பதாகக் கொள்வோம். ‘அடைப்பு’ என்று அறிக்கை வருவது 410 பேருக்கு. அதில் 325 உண்மை. நூற்றுக்கு 79 ஆகிவிட்டது! படக்கருவி மாறவில்லை, திரவம் மாறவில்லை. சோதிக்கப்படும் பெண்களின் கடந்தகால வரலாறு மாறியது, அதனால் விடையின் பொருளும் மாறியது. ஆகவே, நோயாளியிடம் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசாமல் படத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது அறிவியல் முறை ஆகாது.

உரைகல்லையும் உரசிப் பார்ப்போம்

மேலே ‘உண்மையில் அடைப்பு’ என்று எழுதினோமே, அந்த உண்மையை யார் சொன்னது? லேப்ராஸ்கோப்பி என்னும் வயிற்றக நோக்கி சொன்னது. தொப்புளருகே சிறு துளையிட்டு, வயிற்றறையை வாயுவால் உப்பச் செய்து, ஒளிக்குழல் வழியே உறுப்புகளை நேராகக் காண்பது இம்முறை. பாரிஸ் நகரில் ராவுல் பால்மர் 1940-களில் மகளிர் மருத்துவத்தில் இதை வளர்த்தார். இங்கிலாந்தின் ஓல்டம் நகர மருத்துவர் பேட்ரிக் ஸ்டெப்டோ 1967-இல் இதைப் பற்றி நூல் எழுதி ஆங்கில உலகில் பரப்பினார். கருப்பை வாய் வழியே நீலச் சாயத்தைச் செலுத்தினால், அது குழாய் முனையில் சொட்டுவதைக் கண்ணாலேயே காணலாம்.

படம் காட்டாதவற்றை இது காட்டுகிறது. ஒட்டுத் திசுக்கள், கருப்பை உட்சுவரைப் போன்ற திசு வெளியே வளரும் நோய், காசநோயின் தடயங்கள் எல்லாம் தெரியும். சிலவற்றை அப்போதே சரிசெய்யவும் முடியும். எனவேதான் மற்றச் சோதனைகளை உரசிப் பார்க்கும் உரைகல்லாக இது கருதப்படுகிறது.

ஆனால் உரைகல்லுக்கும் குறை உண்டு. மயக்க மருந்து வேண்டும், அறுவை அரங்கு வேண்டும், செலவு மிகுதி. அரிதாகக் குடலுக்கோ இரத்தக்குழாய்க்கோ காயம் நேரலாம். சாயத்தைச் செலுத்தும் கருவி சரியாகப் பொருந்தாமல் போனாலும், தசை இறுகினாலும் இங்கும் சாயம் வராது. குழாயின் வெளித்தோற்றம் தெரியுமே தவிர உட்சுவரின் நுண்மயிர்கள் தெரியமாட்டா. மேலும் ஒரு நுட்பம்: ஒரு சோதனையை உரைகல் என்று வைத்துவிட்டால், அது செய்யும் தவறும் பிற சோதனைகளின் கணக்கில் எழுதப்பட்டுவிடும். படம் ‘அடைப்பு’ என்றும் நோக்கி ‘திறப்பு’ என்றும் சொல்லும்போது படம்தான் தவறியது என்று எழுதிவிடுகிறோம். இறுகிய தசை மயக்கத்தில் தளர்ந்திருக்கலாம். இரண்டும் அந்தந்த நேரத்தில் கண்டதை உள்ளபடியே சொல்லியிருக்கலாம்.

நுரையும் இரத்தமும்

அண்மைக் காலத்தில் வளர்ந்தது கேளா ஒலி முறை. நாம் ஸ்கேன் என்கிறோமே, அதுதான். உப்புநீரையும் காற்றுக் குமிழ்களையும் கலந்தோ, இதற்கெனத் தயாரித்த நுரையையோ கருப்பைக்குள் செலுத்தினால், குமிழ்கள் ஒலியலைகளை எதிரொலித்துத் திரையில் வெண்மையாக ஒளிரும். எக்ஸ்-கதிர் இல்லை, அயோடின் இல்லை, மகளிர் மருத்துவரே தம் அறையில் செய்யலாம். நெதர்லாந்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2022-இல் வெளியான ஆய்வு, நுரைச் சோதனையின் வழிகாட்டுதலில் சிகிச்சை செய்தாலும் எச்.எஸ்.ஜி.யின் வழிகாட்டுதலில் செய்தாலும் குழந்தை பிறக்கும் விகிதம் ஏறத்தாழச் சமம் என்று காட்டியது. நுரையில் வலி குறைவாகவும் இருந்தது.

இதன் குறை, பார்ப்பவரின் கைத்திறமையைப் பெரிதும் சார்ந்திருப்பது. குழாய் வளைந்து வளைந்து செல்வதால் ஒளிரும் கோட்டைத் தொடர்ந்து பிடிக்கப் பயிற்சி வேண்டும். கருப்பையின் மூலையில் தசை இறுகும் தொல்லையும் இங்கு நீங்கிவிடவில்லை.

இரத்தச் சோதனை ஒன்றும் உண்டு. கிளமிடியா என்னும் நுண்ணுயிரி ஓசையின்றிக் கருக்குழாயைக் கெடுக்கக்கூடியது. அதற்கு எதிரான பொருள் இரத்தத்தில் இருந்தால், எப்போதோ தொற்று வந்து போயிருக்கிறது என்று பொருள். ஆனால் தொற்று வந்தவர் அனைவருக்கும் அடைப்பு ஏற்படுவதில்லை; கிளமிடியாவைத் தவிர அடைப்புக்கு வேறு காரணங்களும் உண்டு. யாரை முதலில் விரிவாகச் சோதிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்க இது உதவும். அதற்கு மேல் இதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

நம் நாட்டில் மறக்கக்கூடாத காரணம் காசநோய். நுரையீரலிலிருந்து இரத்தத்தின் வழியே வரும் காசநோய்க் கிருமி பிறப்புறுப்புகளைத் தாக்கினால் கருக்குழாய்கள் பெரும்பாலும் தப்புவதில்லை. இருமலோ காய்ச்சலோ இல்லாமலே இது நிகழலாம். எச்.எஸ்.ஜி. படத்தில் குழாய் மணிமாலைபோலவோ விறைத்த கம்பிபோலவோ தோன்றினால் மருத்துவர் ஐயுறுவார். அத்தோற்றமும் குறிப்புதான், கருப்பையின் உட்சுவரிலிருந்து எடுத்த திசுவைச் சோதித்து உறுதி செய்ய வேண்டும். தொற்று தீவிரமாக உள்ள நேரத்தில் எச்.எஸ்.ஜி. செய்யலாகாது.

சோதனையே மருந்தானால்?

எச்.எஸ்.ஜி. செய்துகொண்ட சில மாதங்களுக்குள் கருத்தரிக்கும் பெண்கள் பலரை மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கண்டு வந்தனர். தற்செயலா, உண்மையா? நெதர்லாந்தின் 27 மருத்துவமனைகளில் 1119 பெண்களைக் கொண்டு இதை ஆராய்ந்து 2017-இல் முடிவை வெளியிட்டனர். குழாய் நோய்க்கான வாய்ப்புக் குறைந்தவர்களே தேர்ந்தெடுக்கப்பட்டனர். சீட்டுக் குலுக்கியதுபோல் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு எண்ணெய்த் திரவமும் மற்றதற்கு நீர்த் திரவமும் செலுத்தினர். ஆறு மாதத்துக்குள் எண்ணெய்ப் பிரிவில் நூற்றுக்கு 39.7 பேரும், நீர்ப் பிரிவில் 29.1 பேரும் கருத்தரித்து அதைத் தொடர்ந்தனர்.

குழாயில் தங்கிய கசடுகளை எண்ணெய் கழுவிவிடுவது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது கருத்து. எண்ணெயிலும் தீங்கு இல்லாமல் இல்லை: அது இரத்தக்குழாய்க்குள் புகும் அபாயம் அரிதாக உண்டு, அதன் அயோடின் உடலில் நீண்ட நாள் தங்கித் தைராய்டைப் பாதிக்கலாம். எனினும் ஒரு சோதனையை மதிப்பிடும்போது, ‘இது எவ்வளவு சரியாகச் சொன்னது?’ என்பதோடு ‘இதைச் செய்துகொண்டவருக்கு முடிவில் என்ன கிடைத்தது?’ என்றும் கேட்க வேண்டும் என்பதை இந்த ஆய்வு உணர்த்துகிறது.

நம் தீர்ப்பு

எச்சோதனை சிறந்தது? இக்கேள்வியே சரியில்லை என்பதை இதற்குள் நீங்கள் உணர்ந்திருப்பீர்கள். எந்தப் பெண்ணுக்கு, எந்த வரிசையில், எதற்காக என்று கேட்பதே சரி.

இடுப்புக்குழித் தொற்றோ வயிற்று அறுவையோ கடும் மாதவிலக்கு வலியோ இல்லாதவருக்கு எச்.எஸ்.ஜி. அல்லது பயிற்சி பெற்றவர் செய்யும் கேளா ஒலிச் சோதனை முதலில் போதும். அது ‘திறந்துள்ளது’ என்றால், குழாயை விட்டு வேறு காரணத்தைத் தேடலாம். அத்தகைய வரலாறு உள்ளவருக்கு வயிற்றக நோக்கியே தகும். ஒரே முறையில் காணவும் திருத்தவும் முடியும். பிரிட்டனின் தேசிய மருத்துவ அமைப்பு 2013-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளும் இந்த வழியையே கூறின.

படம் ‘அடைப்பு’ என்றால், எங்கே என்று கேளுங்கள். கருப்பையின் மூலையில் என்றால் பொய்யடைப்பாக இருக்க நல்ல வாய்ப்புண்டு. மறுசோதனை செய்யலாம், மெல்லிய குழலை நேரே குழாயின் வாயில் வைத்துத் திரவம் செலுத்திப் பார்க்கலாம். சில நேரம் அம்முயற்சியிலேயே வழி திறந்துவிடும். விரல் முனையில் அடைபட்டு, குழாய் நீர்கோத்து வீங்கியிருந்தால் செய்தி வேறு. அந்த நீர் கருப்பைக்குள் கசிந்து, சோதனைக்குழாய் முறையில் வைக்கும் கருவையும் நிலைக்கவிடாமல் தடுக்கக்கூடும். அந்நிலையில் கெட்ட குழாயை முதலில் நீக்கவோ கட்டவோ மருத்துவர் கூறுவது காரணத்தோடுதான்.

உறுதியான அடைப்பும்கூட இன்று முடிவுரை அன்று. 1978 ஜூலை 25-ஆம் நாள் ஓல்டமில் பிறந்த உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரௌனின் தாய் லெஸ்லி, இரு குழாய்களும் அடைபட்டவரே. அவருடைய முட்டையை எடுக்க ஸ்டெப்டோ பயன்படுத்தியது அதே வயிற்றக நோக்கிதான்.

ஆனால் அந்த வழியின் செலவும் உடல் வருத்தமும் மன வருத்தமும் சிறியவை அல்ல. பொய்யடைப்பை நம்பி ஒருவர் அதில் இறங்குவது பெருங்கொடுமை. மெய்யடைப்பு தெரியாமல் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து வயதை இழப்பதும் கொடுமையே. ஒரு சோதனையின் இருவகைத் தவறுகளுக்கும் விலை கொடுப்பவர் மேசையில் படுத்திருப்பவர் என்பதை மறக்கலாகாது.

எனவே இச்சோதனைக்கு யாராவது உங்கள் வீட்டிலிருந்து போகிறார் என்றால் சில கேள்விகளைக் குறித்துக் கொடுங்கள். கணவரின் விந்துச் சோதனை முடிந்ததா? குழந்தையின்மையில் ஏறத்தாழப் பாதித் தம்பதிகளிடம் ஆணின் பங்கும் உண்டு. அச்சோதனையோ வலியற்றது, மலிவானது. அதைச் செய்யாமல் மனைவியை முதலில் மேசைக்கு அனுப்புவது முறையன்று. வலிக்கு என்ன மருந்து தருவீர்கள்? அடைப்பு என்று வந்தால் எப்படி உறுதி செய்வீர்கள்? கடைசியாக, விடை எதுவானாலும் அடுத்துச் செய்யப்போவது ஒன்றே என்றால், இந்தச் சோதனை எதற்கு?

நல்ல மருத்துவர் இக்கேள்விகளால் சினம் கொள்ளமாட்டார். தம் கருவியின் எல்லையை அறிந்தவர் அதைச் சொல்லவும் தயங்கமாட்டார். படத்தில் தெரிவது ஒரு நாளின் சில நிமிடங்களில் ஒரு திரவம் சென்ற பாதை. அதற்கு மேல் எதையும் அதன் மீது ஏற்றிப் படிப்பது, படத்தின் குற்றமன்று, படிப்பவர் குற்றம்.